இரண்டாவது குடம்

புளியஞ்சோலையில் நின்று பார்த்தால் தெரிவது கொல்லிமலையின் கிழக்கு முகம். துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாக வரும் சாலை மலையடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு ஆறுதான். மேலே அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகில் ஆகாய கங்கையாக விழும் ஐயாறு, காட்டைக் கடந்து இறங்கி, இங்கே உருண்டைப் பாறைகளுக்கு நடுவே சலசலத்து ஓடுகிறது. ஆடிப்பெருக்கு அன்று இந்தப் பாறைகளில் உட்கார இடம் கிடைக்காது. நாமக்கல் பக்கம் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. இந்தப் பக்கம் காட்டுக்குள் ஏறும் நடைபாதை மட்டும்.

இந்த மலையின் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது கொல்லிப்பாவை. அசுரர்களிடமிருந்து மலையைக் காக்கத் தேவர்கள் செய்து நிறுத்திய பெண்ணுருவம் அது என்பார்கள். ஆள் வாடை பட்டதும் சிரிக்கும். சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவர் உயிரோடு திரும்பமாட்டார். எளிதில் ஏற முடியாத மலை, காவல், பேரழகு, சாவு என்று ஒரு தேவதைக் கதைக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. இதை மாயமந்திரம் எதுவும் இல்லாமல், நாம் வாழும் உலகத்தில் நடக்கிற ஒரு காதல் படமாக எடுக்க முடியுமா?

முடியும் என்று சொல்ல உலகெங்கும் முன்மாதிரிகள் உண்டு. ஆனால் அவற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். மாயத்தை எடுத்துவிடுவது சுலபம். கதைக்குள் அந்த மாயம் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது அல்லவா? அந்த வேலையை இனி யார் செய்வது என்பதில்தான் இயக்குநரின் திறமையும் மனசாட்சியும் தெரியவரும்.

சின்ட்ரெல்லாவையே எடுத்துக்கொள்வோம். 1998இல் ஆண்டி டெனன்ட் இயக்கத்தில் வந்த 'எவர் ஆஃப்டர்' படத்தில் பூசணிக்காய் தேராக மாறவில்லை, எலிகள் குதிரைகளாகவில்லை. பதினாறாம் நூற்றாண்டு பிரான்சில், அப்பா செத்துப்போன பிறகு சித்தியின் வீட்டில் வேலைக்காரியாகக் கிடக்கும் டேனியலாக ட்ரூ பாரிமோர் நடித்தார். சித்தியாக அஞ்சலிகா ஹூஸ்டன். மந்திரக்கோல் ஏந்திய தேவதையின் இடத்தில் ஒரு கிழவர் வருகிறார். அவர் லியனார்டோ டா வின்சி. வரலாற்றில் லியனார்டோ தம் கடைசி ஆண்டுகளை உண்மையிலேயே பிரான்சில் கழித்தார். 1519இல் இறந்ததும் அங்கேதான். படம் அந்த வரலாற்றுச் செய்தியைப் பிடித்துக்கொள்கிறது. விருந்து நாளில் டேனியல் அறைக்குள் பூட்டப்படுகிறாள். கிழவர் மந்திரம் ஏதும் போடுவதில்லை. கதவின் கீல் ஆணிகளைக் கழற்றுகிறார், கதவு பெயர்ந்து வருகிறது. மந்திரம் செய்த வேலையைக் கைவேலை செய்துவிடுகிறது.

அதே படத்தில் இன்னொரு காட்சி. காட்டில் நாடோடிக் கூட்டம் ஒன்று டேனியலையும் இளவரசனையும் மடக்குகிறது. உன்னால் எதைத் தூக்கிப்போக முடியுமோ அதை எடுத்துக்கொண்டு நீ போகலாம் என்று அவளிடம் சொல்கிறார்கள். அவள் இளவரசனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்குகிறாள். பார்ப்பவர்கள் இதை நவீன காலத்துப் பெண்ணின் துணிச்சலாகவே எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இது கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலேயே உள்ள வேறொரு பழங்கதையின் சாயல். அதில் புத்திசாலியான குடியானவன் மகள் ஒருத்தியை அவள் கணவனான அரசன் வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறான். உனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போ என்கிறான். அவள் தூங்கும் அரசனையே மூட்டை கட்டி எடுத்துப் போய்விடுகிறாள். ஆக, 'யதார்த்தமான' சின்ட்ரெல்லா படம் ஒரு மாயக்கதையின் ஓட்டையை மாயமில்லாத இன்னொரு நாட்டார் கதையைக் கொண்டு அடைத்திருக்கிறது. இந்த வகைப் படங்களைப் புரிந்துகொள்ள இது ஒரு நல்ல சாவி. பழங்கதைகளுக்குள்ளேயே யதார்த்தம் ஏராளமாக இருக்கிறது. அரண்மனையையும் தேவதையையும் விலக்கிவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு வீடு, ஒரு சொத்துத் தகராறு, தாயில்லாப் பெண், பசி.

சின்ட்ரெல்லா ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமானவள் அல்லள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியன் கதையில் செருப்பும் உண்டு, கொடுமைக்காரச் சித்தியும் உண்டு. பெரோவின் பிரெஞ்சு வடிவம் 1697இல் வந்தது. 1893இல் மரியன் காக்ஸ் 345 வடிவங்களைத் திரட்டி ஒரு நூலே வெளியிட்டார். அந்த வரிசையில் தென்னிந்தியாவின் பெயரைச் சேர்த்தவர் ஏ.கே. ராமானுஜன். அவர் எழுதிய 'ஹஞ்சி' என்னும் கன்னடச் சின்ட்ரெல்லா பற்றிய கட்டுரை 1982இல் ஆலன் டண்டஸ் தொகுத்த நூலில் வெளியானது. அந்தக் கதையில் கண்ணாடிச் செருப்பு இல்லை. முகத்தை மறைக்கும் மண் முகமூடி இருக்கிறது. பெண்ணின் அழகே அவளுக்கு ஆபத்தாகிவிடுவதால் பெற்ற தாயே அதைப் போட்டுவிடுகிறாள்.

தமிழ் சினிமா தன் மாயக்கதைகளை முதலில் மாயமாகவே எடுத்தது. 'பாதாள பைரவி' (1951), 'குலேபகாவலி' (1955) என்று அந்தப் பட்டியல் நீளம். கொல்லிமலைக்கு அக்கம்பக்கத்து ஊரான சேலத்தில், டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுதான். குகை வாசல் மந்திரச் சொல்லுக்குத் திறந்தது, கொட்டகையே வாய் பிளந்து பார்த்தது. அந்தப் படங்களைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையின் அக்கறை அவற்றுக்குப் பிறகு நடந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

1977இல் பாரதிராஜா இயக்கத்தில் வெளிவந்த '16 வயதினிலே' தமிழ் கிராமத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தமிழ் கிராமம் படமாக்கப்பட்டது கர்நாடகத்தின் கொள்ளேகால் பகுதியில் என்பது தனிச் சுவை. ஆனால் அந்தப் படத்தைத் தேவதைக் கதையாக யாரும் அதிகம் வாசித்ததில்லை. வாசிக்க வேண்டும். நாயகி மயில் கனவில் எதிர்பார்த்திருப்பது ஓர் இளவரசனை. அவன் வந்தும் விடுகிறான்: நகரத்து உடுப்பில், கால்நடை மருத்துவராக. அவன் அவளைக் கைவிட்டுப் போகிறான். அவளுக்காகக் காத்திருப்பவன் காலை இழுத்து நடக்கும், வெற்றிலைச் சாறு வழியும், ஊரே ஏவும் சப்பாணி. ஐரோப்பியக் கதையில் இளவரசி முத்தமிட்டதும் தவளை இளவரசனாகும். இங்கே அந்த வேலையைச் செய்வது ஒரு பெயர். அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. அதை ஊர் மறந்துவிட்டது. மயில் அதை அவனுக்குத் திருப்பித் தருகிறாள். இனி யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்கிறாள். அவன் அறையவும் செய்கிறான்.

அந்த அறை விழும் கணத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சப்பாணியாக நடித்த கமல்ஹாசனின் உடம்பில் எந்த மாற்றமும் இல்லை. கால் நேராகவில்லை, பேச்சு தெளியவில்லை. எதிரே நிற்பவரின் முகத்தில்தான் மாற்றம். தவளை அப்படியே இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு அது தவளையாகத் தெரியாமல் போகிறது. மாயக்கதையை மண்ணில் இறக்குவது என்றால் இதுதான். மாற்றம் உடம்பை விட்டு உறவுக்குள் நகர்ந்துவிட்டது. ஆனால் பாரதிராஜா அதற்கு விலையும் வைத்தார். மயிலைச் சீரழிக்க வந்த பரட்டையைக் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டுச் சப்பாணி சிறைக்குப் போகிறான். அவள் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். தேவதைக் கதையின் கடைசி வரி வருவதற்குள் படம் முடிந்துபோகிறது.

இது ஒரு வழி. இன்னொரு வழி இதைவிடக் கடினமானது: கதையில் இருக்கும் ஒரே ஒரு மாயத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் யதார்த்தமாக்குவது. கிரீஷ் கர்னாட் 1992இல் இயக்கிய 'செலுவி' அப்படிப்பட்ட படம்.

அதன் மூலம் ராமானுஜன் கர்நாடகத்தில் பல வடிவங்களில் திரட்டிய 'பூக்கும் மரம்' என்னும் வாய்மொழிக் கதை. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராமானுஜன் (1929–1993), வீட்டுக்குள் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவர். குறுந்தொகைப் பாடல்களை 1967இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் அவரே. இந்தக் கதையை அவர் பெண்களின் கதை என்று அழைத்தார். ஒரு பெண் மையமாக இருப்பதாலும், பெண்களே பெரும்பாலும் சொல்லிவந்ததாலும்.

கதை இதுதான். கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய்க்கு இரண்டு பெண்கள். தாயின் பாட்டைப் பார்க்கச் சகிக்காத சின்னவள், அக்காவிடம் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறாள். நகம் தண்ணீரில் படக் கூடாது. ஒரு குடத்தை மேலே ஊற்றினால் நான் பூமரமாவேன். தளிரை ஒடிக்காமல், இலையைக் கிழிக்காமல் பூவைப் பறித்துக்கொள். பிறகு இரண்டாவது குடத்தை ஊற்று, நான் திரும்ப மனுஷியாகிவிடுவேன். அக்கா அப்படியே செய்கிறாள். பூ அரண்மனைக்கு விலைபோகிறது. இளவரசன் ஒளிந்திருந்து ரகசியத்தைக் கண்டுபிடித்து அவளைக் கட்டிக்கொள்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கும் அவள் மரமாக வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்ட நாத்தனார் அவளைத் தோப்புக்கு இழுத்துப்போய், தோழிகளோடு சேர்ந்து மரமாக்கச் சொல்கிறாள். பெண்கள் கிளையில் ஏறுகிறார்கள், ஒடிக்கிறார்கள், இரண்டாவது குடத்தைப் பாதியும் குறையுமாக ஊற்றிவிட்டு ஓடிவிடுகிறார்கள். அவள் கையும் காலும் இல்லாத ஓர் உருவமாகக் கிடக்கிறாள். பருத்தி வண்டிக்காரர்கள் தூக்கிப்போய் வேறு ஊரில் விடுகிறார்கள். பரதேசியாக அலைந்து வரும் கணவன் கடைசியில் அவளைக் கண்டுகொண்டு, தண்ணீர் ஊற்றி மரமாக்கி, ஒடிந்த கிளைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, இரண்டாவது குடத்தை ஊற்றுகிறான். அவள் முழுசாக எழுகிறாள்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் அடிநாதம் விளக்கமில்லாமலே கேட்கும். பெண் பருவமடைவதைப் பூப்பு என்றே சொல்கிறோம். உடம்பையும் பூவையும் இணைக்கும் இந்தச் சொல்லை ராமானுஜனும் தம் கட்டுரையில் கவனித்திருக்கிறார். மரமாக இருக்கும்போதுதான் அந்தப் பெண் மிக அழகாகவும் இருக்கிறாள், மிகவும் கதியற்றும் இருக்கிறாள். ஓட முடியாது, கத்த முடியாது. யார் கையில் குடம் இருக்கிறதோ அவர் தயவில் நிற்க வேண்டும். அக்கா கையில் குடம் இருந்தவரை அது அன்பு. புகுந்த வீட்டில் அதே குடம் கைமாறுகிறது.

கர்னாட் இந்தக் கதையிலிருந்து அரண்மனையை எடுத்துவிட்டார். அது ஒரு சாதாரண கிராமமாகிறது; இளவரசன் ஊர்ப் பெரிய வீட்டுப் பையனாகிறான். செலுவி என்றால் கன்னடத்தில் அழகி. அந்த வேடத்தில் நடித்த சோனாலி குல்கர்னி இரண்டு ஆண்டு கழித்து 'மே மாதம்' படத்தில் தமிழுக்கு வந்தார். ஒளிப்பதிவு ராஜீவ் மேனன். பின்னாளில் 'மின்சார கனவு' (1997) படத்தை இயக்கி, அதில் கர்னாடையே நடிக்கவைத்தவர். ஒரு சென்னைக்காரரின் கேமராவில்தான் அந்தக் கன்னடக் கதை இந்திப் படமாகிப் பூத்தது.

படத்தில் மாயம் என்று ஒன்றே ஒன்றுதான்: அவள் மரமாவது. மற்றதெல்லாம் நாம் அன்றாடம் காண்பது. தண்ணீர் சுமக்கும் பெண்கள், பூவுக்குக் கிடைக்கும் காசு, வசதியான வீட்டுக்கு மருமகளாகப் போகும் ஏழைப் பெண்ணின் தயக்கம், செல்லம் கொடுத்துக் கெட்ட நாத்தனார். அந்த ஒற்றை மாயத்தைச் சுற்றி எல்லாமே இவ்வளவு இயல்பாக இருப்பதால், கிளை ஒடியும்போது அது மரம் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வருவதில்லை. ஒரு பெண்ணின் கை முறிகிறது. எத்தனையோ குடும்பப் படங்களில் மாமியார் கொடுமையை அழுகையாகவும் வசனமாகவும் பார்த்தவர்களுக்கு, இங்கே ஒரு வசனமும் இல்லாமல் அதன் முழுக் கனமும் விளங்கிவிடும்.

முடிவில் கர்னாட் மூலக்கதையைவிட்டு விலகினார். வாய்மொழிக் கதையில் கிளைகள் திரும்பப் பொருந்துகின்றன. படத்தில் அந்த ஆறுதல் இல்லை. பெண்ணின் முறிவும் காட்டின் அழிவும் ஒன்றாகிவிடுகின்றன. மனிதர்கள் வெட்டிச் சாய்க்கும் மரங்களுக்கு நடுவே அவளுடைய கிளையை எங்கே தேடுவது? சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான சிறந்த படம் என்ற தேசிய விருது 'செலுவி'க்குக் கிடைத்தது பொருத்தமே. ஆனாலும் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இரண்டாவது குடத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாழ்க்கையின் கொடுமை தெரியாமல் இல்லை. தெரிந்தும், கிளையைப் பொருத்தும் பொறுமையைக் கணவனுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகவே கதையை அங்கே கொண்டுபோய் முடித்தார்கள். மகிழ்ச்சியான முடிவு என்றாலே பொய் என்று எண்ணும் பழக்கம் யதார்த்தப் படங்களுக்கு உண்டு. 'பூக்கும் மரம்' அந்த எண்ணத்துக்கு மறுப்பு. அதன் முடிவில் வருவது மந்திரம் பாதி, மருத்துவம் பாதி. 2006இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் இதே கதையை வியன்னாவில் இசை நாடகமாக்கியபோது அந்த மறுசேர்க்கையை விட்டுவிடவில்லை.

இந்த இரண்டு வழிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு புளியஞ்சோலைக்குத் திரும்புவோம்.

பாவையின் கதையில் நமக்கு இன்று தெரிந்த கொலைச்சிரிப்பு, சங்கப் பாடல்களில் இல்லை. கபிலரின் குறுந்தொகைப் பாடல் ஒன்றில் தலைவன், தன் காதலி வல்வில் ஓரியின் கொல்லிமலையில் மேற்குச் சரிவில் உள்ள பாவையைப் போன்ற மென்மை உடையவள், அவளை அணைவது அரிது என்று ஏங்குகிறான். நற்றிணையில் இன்னும் விரிவாக ஒரு சித்திரம் கிடைக்கிறது. பலா மரங்கள் நிறைந்த கொல்லி, வெள்ளை அருவி, அந்த மலையின் மேற்குப் பக்கத்துப் பாவை, காற்று மோதினாலும் கடுமழை பெய்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் வடிவம் மாறாது, என் காதலியும் அப்படியே என் நெஞ்சை விட்டு அகலமாட்டாள் என்கிறான் தலைவன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பாவை காதலின் உவமை. அவள் யாரையும் கொல்லவில்லை. மறக்க முடியாதவளாக இருந்தாள், அவ்வளவுதான்.

மயக்கி வீழ்த்தும் பாவையின் தடயம் வேறிடத்தில் கிடைக்கிறது. சிலப்பதிகாரம் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினொரு ஆடல்களில் ஒன்று பாவை: போருக்கு எழுந்த அசுரர்கள் வீழும்படி திருமகள் ஆடியது. அழகை ஆயுதமாக்கும் இந்த எண்ணமும் மலையில் நின்ற உருவமும் காலப்போக்கில் பிணைந்து, இன்று நாம் சொல்லும் கதை உருவாகியிருக்க வேண்டும். காதலன் வாயில் இருந்த பாவை, பயந்த வழிப்போக்கன் வாய்க்கு வந்தபோது கொலைகாரியானாள். இது ஊகம்தான், ஆனால் பெண்ணழகு பற்றிய பேச்சு ஊர்களில் எப்படித் திரியும் என்பதை அறிந்தவர்களுக்கு நம்ப முடியாத ஊகம் அல்ல.

இதை யதார்த்தப் படமாக்க நினைப்பவருக்கு முதல் துணை பெர்னார்ட் ஷா. கிரேக்கப் புராணத்தில் பிக்மேலியன் தான் செதுக்கிய சிலையின் மேலேயே காதல் கொள்கிறான். தெய்வம் அதற்கு உயிர் கொடுக்கிறது. 1913இல் அரங்கேறிய 'பிக்மேலியன்' நாடகத்தில் ஷா சிலையை லண்டன் தெருவில் பூ விற்கும் பெண்ணாக்கினார். தெய்வத்தின் வேலையை உச்சரிப்புப் பாடத்துக்குக் கொடுத்தார். 1964இல் அந்த நாடகம் 'மை ஃபேர் லேடி' படமாக வந்தபோது உலகமே அதைக் காதல் கதையாக ரசித்தது. சிலை பேசத் தொடங்கினால் முதலில் தன்னைச் செதுக்கியவனிடம் கணக்குக் கேட்கும் என்பது ஷாவின் கண்டுபிடிப்பு.

கொல்லிப்பாவை பேசத் தொடங்கினால் என்ன கேட்பாள்? காவலுக்கு நிறுத்தியவர்கள் அவளைக் கேட்டு நிறுத்தவில்லை. சிரிப்பதும் அவள் விருப்பமல்ல. அந்தக் கதையை மண்ணில் இறக்கினால் கிடைப்பது ஒரு மலைக்கிராமத்துப் பெண். மிளகும் பலாவும் சாமையும் விளையும் ஊரில், சிரித்த முகத்தோடு பிறந்தவள். அடிவாரத்திலிருந்து ஏறிவந்த எவனோ ஒருவன் பாறையில் வழுக்கி விழுந்து செத்ததற்கு அவள் சிரிப்பைக் காரணமாக்கிவிட்டது ஊர். அதற்குப் பிறகு அவள் யார் முன்னும் சிரிப்பதில்லை. ஹஞ்சியின் தாய் போட்டுவிட்ட மண் முகமூடியை இவள் தானே போட்டுக்கொண்டுவிட்டாள். காதலிக்க வருபவன் வெல்ல வேண்டிய அசுரன் அந்த வதந்திதான். சப்பாணிக்கு மயில் பெயரைத் திருப்பித் தந்ததுபோல இவளுக்கு யாராவது சிரிப்பைத் திருப்பித் தர வேண்டும். சங்கத் தலைவனின் வாக்கு அப்போது வேறு பொருள் கொள்ளும்: ஊர் இடித்தாலும் நிலம் அதிர்ந்தாலும் இவள் உரு எனக்கு மாறாது.

படம் எடுக்க வருபவர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மலைமேல் எட்டுக்கை அம்மன் கோயில் இருக்கிறது. கொல்லிப்பாவைதான் அந்த அம்மன் என்று நம்பிக் கும்பிடுகிறவர்கள் இன்றும் போய் விளக்கேற்றி வருகிறார்கள். சின்ட்ரெல்லாவுக்கு எங்கும் கோயில் இல்லை. அவளை யாரும் எப்படியும் திருப்பி எழுதலாம். பாவையோடு அந்தச் சுதந்திரம் கிடையாது. கேமராவைத் தூக்கிக்கொண்டு மேற்குச் சரிவுக்குப் போவதற்கு முன், கிழக்கே இந்த அடிவாரத்தில் சில நாள் தங்கி, ஆடி பதினெட்டுக்குப் புளியஞ்சோலைப் பாதையில் ஏறிப் போகிற பெண்களோடு நடந்து, அவள் ஏன் சிரிக்கிறாள் என்று அவர்களைக் கேட்க வேண்டும். ராமானுஜன் பூமரத்தின் கதையைக் கேட்டு வாங்கியதும் அப்படித்தான்.